மென்பொருளில் இயங்கும் 8085



சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் என்று இந்தச் சமவெளியெங்கும் பரவிக் கிடக்கும் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் மின்னணுவியல் பயின்றவர் எவரும் 8085 என்னும் எண்ணை மறந்திருக்க மாட்டார். இன்டெல் நிறுவனம் 1976ல் வெளியிட்ட அந்தச் சிறு செயலியைத் தாங்கிய பலகையை மாணவர்கள் ‘கிட்’ என்று அழைப்பார்கள். அதைச் சூழ்ந்து நின்று, ஹெக்ஸ் எண்களை ஒவ்வொரு விசையாக அழுத்தி, இறுதியில் சிவப்பு எழுத்தில் ஒளிரும் விடைக்காகக் காத்திருப்பார்கள். விடை பிழையானால், பிழை எந்தக் கட்டளையில் நேர்ந்தது என்பதை அந்தச் சிவப்பு எழுத்துகளிலிருந்து அறிவது எளிதன்று.

லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடத்தக்க நல்ல 8085 சிமுலேட்டர், அதாவது அச்செயலியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள், இல்லாதிருந்த நிலையில், 2003ல் ஸ்ரீதர் ரத்னகுமார் ‘ஜிஎன்யூசிம்8085’ என்ற மென்பொருளை இயற்றினார். அதில் சிலிக்கன் இல்லை, மின்கம்பி இல்லை; ஆயினும் 8085க்கென எழுதிய நிரல் அதில் ஓடுகிறது. இது எவ்வாறு சாத்தியமாகிறது?

எளம்பிள்ளையில் ஜக்கார்டு தறியில் சேலை நெய்பவர் பாதியில் எழுந்து சென்றாலும், எத்தனையாவது அட்டை, நாடா எந்தப் பக்கம், எவ்வளவு நெய்தாயிற்று என்று குறித்து வைத்திருந்தால் மற்றொருவர் அங்கிருந்தே தொடரலாம். செயலிக்கும் அத்தகைய குறிப்பு உண்டு. அதையே அதன் ஸ்திதி என்கிறோம். A, B, C, D, E, H, L என்னும் ஏழு ரெஜிஸ்டர்கள், கணக்கின் விளைவை அறிவிக்கும் ஐந்து கொடிகள், அடுத்த கட்டளையின் முகவரியைத் தாங்கும் புரோகிராம் கவுண்டர், ஸ்டாக் பாயிண்டர், 65,536 பைட் நினைவகம் ஆகிய இவற்றையெல்லாம் மென்பொருள் வெறும் எண்களாகத் தன்னிடம் வைத்துக்கொண்டு, கட்டளையைப் படித்து, பொருள் உணர்ந்து, எண்களை மாற்றி, அடுத்ததற்குச் செல்கிறது.

A ரெஜிஸ்டரில் 155 இருக்கிறது. B ரெஜிஸ்டரில் உள்ள 101ஐ அதனுடன் கூட்டச் சொல்கிறோம். எட்டு பிட்டுக்குள் 255க்கு மேல் அடங்காதாகையால் A சுழியமாகிறது. சுழியக் கொடி எழுகிறது, மிகுதிக் கொடியும் எழுகிறது, கீழ் நான்கு பிட்டிலிருந்து மேல் நான்குக்குச் சென்ற மிகுதியைக் குறிக்கும் துணைக்கொடியும் எழுகிறது. கூட்டுவது சுலபம், கொடிகளைப் பிழையின்றி வைப்பதே சூட்சுமம்.

ஏனெனில் இந்தச் செயலியின் நியமங்களில் விசித்திரமான விலக்குகள் உள்ளன. INR கட்டளை எண்ணில் ஒன்றைக் கூட்டும், மிகுதிக் கொடியைத் தொடாது. DCX கட்டளை பதினாறு பிட் எண்ணில் ஒன்றைக் குறைக்கும், இந்த ஐந்து கொடிகளில் ஒன்றையும் தொடாது. இதை அறியாமல் DCXக்குப் பின் உடனே, சுழியக் கொடி எழாதிருந்தால் தாவச் சொல்லும் JNZ கட்டளையை எழுதும் மாணவனின் சுழற்சி கிட்டில் முடிவின்றிச் சுற்றக்கூடும். சிமுலேட்டரும் அவ்வாறே சுற்ற வேண்டும். அவன் பிழையைத் தன் பிழையால் மறைக்கும் சிமுலேட்டர் அவனுக்குத் துரோகம் செய்கிறது என்பேன்.

விலக்குகளும் பிசகாத சிமுலேட்டரின் (எமுலேட்டர் என்றும் சொல்வர்) மகிமைக்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. 8085க்கு மூத்த 8080 செயலியைக் கொண்ட ஆல்டேர் கணினியைக் கண்ணாலும் காணாமல், 1975ல் பால் ஆலன் ஹார்வர்டின் பிடிபி-10 இயந்திரத்தில் அச்செயலிக்கு எமுலேட்டர் எழுதினார். அதன்மீது அவரும் பில் கேட்ஸும் தோழர் ஒருவரும் உருவாக்கிய பேசிக் மொழி, ஆல்புகெர்க்கி நகரில் மெய்யான இயந்திரத்தில் ஏற்றியதும் இயங்கிற்று.

மாணவ நேயர்களே, ஜிஎன்யூசிம்8085இன் மூல நிரல் எவரும் படிக்கத் திறந்திருக்கிறது. அதில் கூட்டல் கட்டளை கொடிகளை எங்ஙனம் வைக்கிறது என்பதை முதலில் வாசியுங்கள். பிறகு ஏழு ரெஜிஸ்டர்களையும் ஐந்து கொடிகளையும் கொண்ட சிறு செயலி ஒன்றை நீங்களே எழுதி, அதன் விடைகளை உங்கள் ஆய்வகத்துக் கிட்டுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.