பால் வற்றினாலும் பயன் வற்றாது
(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நான் இந்தப் பள்ளியில் படித்தவன். இப்போது சிங்கப்பூரில், துவாஸ் வட்டாரத்துக் கப்பல் பட்டறை ஒன்றில் வேலை. குடியிருப்பது ஜூரோங் வெஸ்டில், வீவக வீட்டில். 1998-இல் திறந்த இரண்டாவது பாலத்தைக் கடந்துதான் காலையில் இங்கு வந்தேன். கல்வியின் சிறப்பை எனக்கு முன் பேசியவர்கள் நன்றாகவே எடுத்துரைத்தார்கள். நான் என் வீட்டுச் சமையலறைக் கதவைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள்!

எங்கள் சமையலறை அலமாரிக் கதவுகள் மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகை. ஈரம் பட்டுப் பட்டு, ஊறிய ரொட்டி போல உப்பிவிட்டன. ஒரு நாள் கதவு கையோடு வந்துவிட்டது! பார்க்க வந்த குத்தகைக்காரர், "எல்லாத்தையும் பேத்து எறிஞ்சிட்டுப் புதுசாப் போடுங்க" என்றார். தட்டிப் பார்த்தேன். கூடு கெட்டியாகத்தான் இருந்தது; கெட்டவை கதவுகளும் இழுப்பறைகளுமே. நல்லதையும் சேர்த்து எறிய மனம் வரவில்லை. தச்சு வேலை எனக்குப் பொழுதுபோக்கு. நாமே செய்வோம் என்று துணிந்தேன்.

வீவக வீட்டில் ஞாயிற்றுக்கிழமை புதுப்பிப்பு வேலை கூடாது. ஆகவே அறுப்பது, துளையிடுவது எல்லாம் சனிக்கிழமைப் பகலில். ஞாயிறன்று உப்புத்தாள் தேய்ப்பும் வார்னிஷும்.

கீல் உட்கார 35 மில்லிமீட்டர் அகலத்தில், சுமார் 13 மில்லிமீட்டர் ஆழத்தில் குழி வேண்டும். பலகையோ 18 மில்லிமீட்டர் கனம். கொஞ்சம் அசந்தால் துளை முன்பக்கம் வந்துவிடும்! வார்னிஷை இரு பக்கமும், ஓரங்களிலும் அடிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் கதவு வளைந்துவிடும்.

இழுப்பறையில்தான் நான் தோற்றேன். திறப்பின் அகலத்துக்கே பெட்டியைச் செய்துவிட்டேன். பக்கத்துக்கு அரை அங்குலம் தண்டவாளத்துக்கு விட வேண்டும் என்பது மறந்து போனது. உள்ளே போகுமா? பிரித்து மறுபடி செய்தேன். மாணவர்களே, கணக்கு வாத்தியார் "இன்னொரு தடவை பாரு" என்று சொல்வது இதற்காகத்தான்.

என்னோடு இருக்கும் அம்மா, இந்தத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். புதுக் கதவைத் தடவிப் பார்த்து, "என்னா மரம்டா, இவ்வளவு வெளுப்பா இருக்கு?" என்று கேட்டார்.

"நம்ம பால்மரந்தாம்மா."

அம்மா நம்பவில்லை. "அத அடுப்புக்குத்தானேடா வெச்சோம்!" என்றார். பிறகு வெகுநேரம் அந்தக் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

1877-இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. 1888-இல் அங்கு பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையைக் கண்டார். அந்த மரங்களை நம்பித்தான் நம் முன்னோர் கடல் கடந்தார்கள். இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் பால் குறைந்ததும் மரத்தை வெட்டி எரித்தார்கள். அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம். பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும். வெட்டியவுடன் அறுத்து, போரான் உப்புக் கரைசல் ஏற்றி, சூளையில் உலர்த்தினால் நிற்கும் என்று பின்னர் கண்டுகொண்டார்கள். 1980-களில் மலேசியாவில் அதைக் கொண்டு நாற்காலி, மேசை செய்யும் தொழில் வளர்ந்தது. மரம் அதே மரம்தான். பக்குவம் தெரிந்ததும் விறகு பலகையாயிற்று.

பெற்றோர்களே, "படிக்காட்டி மரம் வெட்டத்தான் போவே" என்று பிள்ளைகளை மிரட்டாதீர்கள். என்னையும் அப்படித்தான் மிரட்டினார்கள். அம்மாவின் வேலையைச் சொல்ல நான் வெட்கப்பட்டு வளர்ந்தேன். அந்த வெட்கம் தவறு என்று எனக்குப் புரிய ஒரு கதவு தேவைப்பட்டது. இன்று பரிசு வாங்காத பிள்ளையையும் விறகு என்று ஒதுக்காதீர்கள். பக்குவம் பாருங்கள்.

மாணவச் செல்வங்களே! வீட்டுக்குப் போனதும் அம்மா அப்பாவின் கைகளை ஒரு முறை பாருங்கள். இந்தப் பள்ளியும் அந்தக் கைகள் கட்டியதுதான்.