இருவரை விட்டுவிட்டு வரமாட்டோம்

(கல்லூரி மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விளையாட்டைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். ஆடிய ஒன்பது ஆட்டங்களையும் வென்றுவிட்டு, பெரிய மேடைக்குப் போகாமல் வீடு திரும்பிய ஒரு கல்லூரி அணியைப் பற்றிப் பேசப்போகிறேன். 1951ஆம் ஆண்டின் சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழக அணி அது.

அமெரிக்கக் கால்பந்து நாம் காலால் உதைத்து ஆடும் ஆட்டம் அல்ல. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, மறித்து விழுத்த வருபவர்களைத் தாண்டி ஓட வேண்டும். அந்தக் காலத்தில் கல்லூரிப் பருவம் முடிந்ததும் புத்தாண்டையொட்டி 'பௌல்' என்று சொல்லப்படும் பெரிய ஆட்டங்கள் நடந்தன. மியாமியில் ஆரஞ்சு பௌல், நியூ ஆர்லியன்ஸில் சுகர் பௌல், டல்லஸில் காட்டன் பௌல். பணமும் புகழும் அங்கேதான். ஆனால் அன்று அவற்றுக்கு அணிகளை அழைத்தது நடத்திய குழுக்கள்தான். இந்த மூன்று ஊர்களும் இருப்பது தென் மாநிலங்களில். அன்று அங்கே பள்ளிக்கூடமும் பேருந்தும் உணவகமும் நிறத்தின்படி சட்டப்படியே பிரிக்கப்பட்டிருந்தன.

சான் ஃபிரான்சிஸ்கோ அணியில் இரண்டு கறுப்பின வீரர்கள் இருந்தார்கள். ஒருவர் டெக்சாஸில் பிறந்த ஓலி மாட்சன். இன்னொருவர் மெம்ஃபிஸ் நகரத்தவரான பர்ல் டோலர். மாட்சன் அந்தப் பருவத்தில் மட்டும் 1,566 கெஜம் ஓடினார். நாட்டிலேயே அதுதான் அதிகம். நியூயார்க்கில் ஃபோர்டாம் அணிக்கு எதிரான ஆட்டத்தை 32-26 என்று வென்றபோது, எதிரணி உதைத்து அனுப்பிய பந்தை வாங்கி எல்லைக்கோடு வரை ஓடிச் சேர்த்தார். ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை.

அதே 1951 அக்டோபரில் இன்னொரு மைதானத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். டிரேக் பல்கலைக்கழகத்தின் கறுப்பின வீரர் ஜானி பிரைட், ஒக்லஹோமாவின் ஸ்டில்வாட்டர் நகரில் ஆடிக்கொண்டிருந்தார். பந்து அவர் கையில் இல்லாதபோது எதிரணி வீரர் ஒருவர் அவர் தாடையை உடைத்தார். படங்கள் பத்திரிகையில் வந்தன, புலிட்சர் பரிசும் பெற்றன. அடித்தவர்மீது நடவடிக்கை இல்லை. டிரேக் தான் இருந்த போட்டிக் கூட்டமைப்பிலிருந்தே வெளியேறியது. ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம் 2005இல்தான் வருத்தம் தெரிவித்தது. 54 ஆண்டுகள்!

மறுபடி சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வருவோம். நவம்பரில் பசிஃபிக் கல்லூரி அணியை 47-14 என்று நொறுக்கினார்கள். ஒன்பதுக்கு ஒன்பது வெற்றி. ஆரஞ்சு பௌல் பற்றிய பேச்சு அடிபட்டது. அப்போதுதான், அந்த இரண்டு கறுப்பினத்தவரை விட்டுவிட்டு வந்தால் அழைப்பு உண்டு என்ற சேதி பயிற்சியாளர் ஜோ குஹாரிச் மூலம் தங்களுக்கு வந்ததாக வீரர்கள் பின்னாளில் சொன்னார்கள். அணி மறுத்துவிட்டது. வந்தால் எல்லோரும் வருவோம், இல்லையென்றால் யாரும் இல்லை என்பதுதான் அவர்களுடைய நிலை.

வெளியே சொல்லப்பட்ட காரணம் வேறு: இவர்கள் ஆடிய எதிரணிகள் பலமானவை அல்லவாம். ஆனால் இவர்களிடம் 47-14 என்று தோற்ற பசிஃபிக் அணி அந்தப் புத்தாண்டில் சன் பௌலில் ஆடியது. 'தகுதி' என்ற சொல் எப்படி வளைந்து கொடுக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மறுப்புக்கு விலை இருந்தது. கல்லூரி ஏற்கெனவே இந்த ஆட்டத்தால் கடனில் தவித்துக்கொண்டிருந்தது. பௌல் ஆட்டத்தின் பணம் வந்திருந்தால் மூச்சுவிட இடம் கிடைத்திருக்கும். வரவில்லை. நிதிச் சுமை என்று சொல்லி அணியைக் கலைத்தார்கள். நாட்டின் மிகச் சிறந்த கல்லூரி அணிகளில் ஒன்று அடுத்த ஆண்டு இல்லவே இல்லை.

அந்த அறையில் இருந்த வெள்ளை வீரர்களை யாரும் அவமதிக்கவில்லை, அவர்களுக்கு வாசல் திறந்தே இருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் இப்படிப்பட்ட நேரத்தில், அவமதிக்கப்பட்டவர் தலையிலேயே இன்னொரு சுமையும் ஏறும். 'என்னால் உங்களுக்குக் கெடுதல் வேண்டாம், நீங்கள் போய்வாருங்கள்' என்று அவரே பெருந்தன்மையாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் வருத்தத்தோடு கிளம்பிப் போவார்கள். இங்கே அந்தச் சுமையை மாட்சன் மீதும் டோலர் மீதும் யாரும் ஏற்றவில்லை.

இதை வெள்ளையர்களின் நல்ல மனசுக் கதையாகவும் ஆக்கிவிடக் கூடாது. மாட்சன் அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஓடி ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வென்றார். 1959இல் அவர் ஒருவருக்காக ஒன்பது பேரைக் கொடுத்தது ஒரு தொழில்முறை அணி. முழங்கால் காயத்தால் டோலரின் ஆட்ட வாழ்க்கை முடிந்தது. அவர் ஆசிரியரானார், பள்ளித் தலைமை ஆசிரியரானார். 1965இல் தேசியக் கால்பந்து லீகின் முதல் கறுப்பின நடுவராகவும் ஆனார். எந்த மைதானத்துக்கு வராதே என்றார்களோ, அதன் விதியைச் சொல்லும் விசில் அவர் கைக்கு வந்தது. இவர்கள் யாருடைய இரக்கத்தாலும் பெரியவர்கள் ஆனவர்கள் அல்ல.

அந்த மறுப்பு நிறவெறியை ஒழித்ததா? இல்லை. 1956இல் லூசியானா மாநிலம் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து விளையாடக் கூடாது என்றே சட்டம் போட்டது. அதை நீதிமன்றத்தில் உடைக்க வேண்டியிருந்தது. ஒரு மறுப்பால் ஓர் அமைப்பு சாயாது. ஆனால் மறுப்பே இல்லாத இடத்தில் என்ன நடக்கும்?

அதற்கு நம் நாட்டிலேயே பல்வங்கர் பாலு இருக்கிறார். தலித் சமூகத்தில் பிறந்த சுழற்பந்து வீச்சாளர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். அவர் வீசும் பந்தைத் தொட்ட கைகள் அவர் குடித்த குவளையைத் தொடாது. புனே மைதானத்தில் அவருக்குத் தேநீர் வெளியே, தனி மண்குவளையில். உள்ளே உட்கார்ந்து கோப்பையில் குடித்தவர்கள் அவருடைய சக வீரர்கள். அவர்களில் ஒருவர் எழுந்து வெளியே வந்து அந்த மண்குவளையில் குடித்திருந்தால்? எத்தனையோ ஆட்டங்களை வென்று கொடுத்த அவருக்கு இந்து அணியின் தலைமையைக் கடைசிவரை கொடுக்கவில்லை.

தோழர்களே, ஆரஞ்சு பௌல் அழைப்பு நம் யாருக்கும் வரப்போவதில்லை. ஆனால் 'எல்லோரும் வாங்க, அந்தப் பையனை மட்டும் கூட்டிட்டு வராதீங்க' என்ற அழைப்பு வரும். திருவிழாக் கிரிக்கெட் போட்டிக்குத் தெருவைக் கேட்டு அணியில் சேர்க்கும்போது வரும். நண்பனின் வீட்டு விசேஷத்துக்கு வரும். அறை வாடகைக்குத் தேடும்போது, 'நீங்கள் இரண்டு பேரும் பரவாயில்லை, மூன்றாவது ஆள் என்ன ஆட்கள்?' என்ற கேள்வியாக வரும். நம்மில் பலர் அப்போது உள்ளே போயிருக்கிறோம். நானும் போயிருக்கிறேன். வெளியே நின்ற நண்பன் மறுநாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் கேட்காததுதான் இன்றும் உறுத்துகிறது.

சாதி ஒழிப்பு என்றால் மேடை, முழக்கம், போராட்டம் எல்லாம் வேண்டும். அதோடு, நமக்காகத் திறந்திருக்கும் கதவு முன்னால் நின்று, 'அவன் வராத இடத்துக்கு நாங்களும் வரவில்லை' என்று சொல்லும் பழக்கமும் வேண்டும். அதற்காக ஒரு கோப்பை போகலாம், ஒரு நல்ல வீடு போகலாம், நாலு சொந்தக்காரர்கள் முகம் சுளிக்கலாம். அடுத்த முறை அப்படி ஓர் அழைப்பு வரும்போது, அந்தச் செலவை யார் தலையில் கட்டப்போகிறோம் என்பதை மட்டும் இன்றைக்கே முடிவு செய்துகொள்ளுங்கள்.