தோட்டத்தில் ஒரு வாசகர் வட்டம்



பிள்ளைகளின் படிப்பைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். பெரியவர்களின் படிப்பைப் பற்றிப் பேசுவது குறைவு. இன்றைய உரையில், உழைத்துக் களைத்து வீடு திரும்பும் பெரியவர்கள் சிலர் ஒன்றுகூடி, ஒரு நாவலைப் படித்து, அதைப் பற்றிப் பேசுவது எப்படி என்று பார்ப்போம். இதற்கு வாசகர் வட்டம் என்று பெயர்.

இதைச் சொன்னவுடன் நம்மில் பலருக்கு ஒரு தயக்கம் எழும். "நாவல் எல்லாம் படித்தவர்கள் பேச வேண்டிய விஷயம். ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட நமக்கு அதில் என்ன வேலை?" என்று தோன்றும். இந்தத் தயக்கத்தை முதலில் நீக்கிக்கொள்வோம்.

நாவல் எதைப் பற்றியது? மனிதர்களின் வாழ்வைப் பற்றியது. ராஜம் கிருஷ்ணன் எழுதிய 'கரிப்பு மணிகள்' என்ற நாவலை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத் தொழிலாளர்களின் கதை அது. மழை வந்தால் உப்பளத்தில் வேலை இல்லை; வேலை இல்லை என்றால் கூலி இல்லை. மழை பெய்தால் பால் வெட்டு நின்றுபோகும் என்பதை அறிந்த நமக்கு, இதை யாராவது விளக்கிச் சொல்ல வேண்டுமா? விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய் நின்றவருக்கு அந்த உப்பளத்துப் பெண்ணின் காலைப்பொழுது தெரியும். பட்டம் பெற்றவர் அகராதியைப் புரட்டித் தெரிந்துகொள்வதை நாம் உடம்பால் தெரிந்து வைத்திருக்கிறோம். ஆகவே நாவலைப் பற்றிப் பேச நமக்குத் தகுதி உண்டு.

கூடிப் படிப்பதும் நமக்குப் புதிதன்று. எழுத்துத் தெரிந்த ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, லயத்து வாசலில் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்ட காலம் உண்டு. கோலாலம்பூரிலே 1950களில், எழுத்தாளர் கு. அழகிரிசாமி 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றியபோது, எழுதுவோரைக் கூட்டிவைத்துக் கதைகளைப் பற்றி விவாதிக்கச் செய்தார். 1924இல் தொடங்கிய அந்த நாளிதழ் 2019இல் நின்றுவிட்டது. ஆனால் கூடிப் பேசும் வழக்கம் ஒரு பத்திரிகையோடு முடிந்துபோக வேண்டியதில்லை. அன்று கூடியவர்கள் எழுதுபவர்கள். நாம் கூடப்போவது படிப்பவர்களாக.

இனி, தொடங்கும் வழியைப் பார்ப்போம்.

முதலில் ஆட்கள். ஆறு பேர் முதல் பத்துப் பேர் வரை இருந்தால் போதும். இருபது பேர் கூடினால் அது பொதுக்கூட்டமாகிவிடும். இரண்டு பேர் பேச, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆண்களும் பெண்களும் கலந்திருப்பது நல்லது. இளையவர் இருவரும் வயதானவர் இருவரும் இருந்தால் மிகவும் நல்லது.

அடுத்து இடமும் நேரமும். கோயில் மண்டபம், தமிழ்ப்பள்ளியின் ஒரு வகுப்பறை, யாராவது ஒருவர் வீட்டு ஐந்தடி, எதுவானாலும் சரி. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் குடிபோனவர்கள் அங்கேயே ஒரு வீட்டில் கூடலாம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். பெண்கள் சமையலை முடித்துவிட்டு வரக்கூடிய நேரமாகப் பார்த்து வைக்க வேண்டும். இதைக் கவனிக்காவிட்டால், ஒரு மாதத்திற்குள் வட்டத்தில் ஆண்கள் மட்டுமே மிஞ்சுவார்கள்.

மூன்றாவது, புத்தகம். தொடக்கத்திலேயே கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வேண்டாம். அருமையான கதைதான், ஆனால் ஐந்து பாகங்கள். பாதி வழியில் பலர் நின்றுவிடுவார்கள். இருநூறு பக்கத்துக்கு உட்பட்ட நாவலாக எடுப்போம். நாளைக்கு எட்டுப் பக்கம் படித்தாலும் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். ஆளுக்கு ஒரு பிரதி தேவையில்லை. இரண்டு பிரதிகள் இருந்தால் வீட்டுக்கு வீடு கை மாற்றிப் படிக்கலாம். பள்ளி நூலகத்திலும் வட்டார நூலகத்திலும் கேட்டுப் பார்க்கலாம். எட்டுப் பேர் மாதம் ஐந்து வெள்ளி போட்டால் நாற்பது வெள்ளி சேரும். அதில் ஒரு புத்தகம் வாங்கி, படித்தபின் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஆண்டுகளில் ஒரு சிறிய நூலகமே சேர்ந்துவிடும்.

எழுத்துத் தெரியாதவர்களை என்ன செய்வது? அவர்களை விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் இருபது நிமிடம் ஒருவர் ஓர் அத்தியாயத்தை நிதானமாக உரக்கப் படிக்கட்டும். வார நாள்களில் பேரனோ பேத்தியோ வீட்டில் பாட்டிக்குப் படித்துக் காட்டலாம். பாட்டிக்குக் கதை கிடைக்கும். பிள்ளைக்குத் தமிழ் வாசிப்பு சரளமாக வரும்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். கூடி உட்கார்ந்தபின் என்ன பேசுவது?

"கதை நன்றாக இருந்தது" என்று ஒருவர் சொல்வார். "ஆமாம், நன்றாகத்தான் இருந்தது" என்று இன்னொருவர் சொல்வார். அத்தோடு பேச்சு நின்றுவிடும். நன்றாக இருந்ததா என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் வந்துவிடும். 'ஏன்' என்று கேட்டால்தான் பேச்சு வளரும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல், அங்கே கண்டதையும் கேட்டதையும் வைத்து ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். அது 1969இல் வெளிவந்தது. இரா. முருகவேள் அதைத் தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று கொண்டுவந்தார். 2013இல் வந்த 'பரதேசி' திரைப்படத்திற்கு அந்த நாவலே அடிப்படை. அதில் ஒரு கணவனும் மனைவியும் மேஸ்திரியின் இனிக்கும் பேச்சை நம்பி மலையேறுகிறார்கள். கையில் வாங்கிய முன்பணம், ஊருக்குத் திரும்ப முடியாதபடி அவர்களைக் கட்டிப்போடும் கடனாகிறது.

இங்கே நாம் கேட்க வேண்டிய கேள்வி இது: அந்த மேஸ்திரியின் பேச்சை அவர்கள் ஏன் நம்பினார்கள்? "ஏமாளிகள்" என்று ஓர் இளைஞர் சொல்லலாம். "வயிறு காய்ந்தவனுக்கு நம்புவதைத் தவிர வேறு என்ன வழி?" என்று ஒரு பெரியவர் மறுக்கலாம். அப்போது யாராவது ஒருவர், "எங்கள் தாத்தாவும் ஒரு கங்காணியின் வார்த்தையை நம்பித்தானே கப்பலேறினார்?" என்பார். கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று மலாயாவுக்கு ஆள் திரட்டியது 1938 வரை நடந்தது. அந்த ஆண்டில்தான் இந்திய அரசாங்கம் அதைத் தடுத்து நிறுத்தியது. வால்பாறைக் கதையில் தொடங்கிய பேச்சு, நம் வீட்டுக் கதைக்கு வந்து சேர்ந்துவிட்டது அல்லவா? ஒரு நல்ல கேள்வியால் இவ்வளவு நடக்கும்.

நேயர்களே, நாவலைப் பற்றிப் பேசுவதில் இன்னொரு பெரிய நன்மை இருக்கிறது. நேரில் சொல்ல முடியாத சிலவற்றைக் கதையை வைத்துச் சொல்லிவிடலாம். கணவன் குடிப்பதைப் பற்றி ஒரு பெண் நான்கு பேர் நடுவே வாய் திறக்க மாட்டார். ஆனால் கதையில் வரும் குடிகாரனைப் பற்றி, "சம்பள நாளன்று அவன் வீட்டுக்குள் நுழையும்போது அந்தப் பிள்ளைகள் ஏன் தூங்குவதுபோல் படுத்திருந்தார்கள் தெரியுமா?" என்று அவர் சொல்லலாம். யார் பெயரும் வரவில்லை. யாருக்கும் அவமானம் இல்லை. ஆனால் கேட்பவர்கள் மனத்தில் அது தைக்கும். தன் வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான் படுத்திருக்கின்றனவோ என்று ஒருவர் நினைத்துப் பார்த்தால், அந்த மாலைப்பொழுது வீண் போகவில்லை.

இதே காரணத்தால் எச்சரிக்கையும் தேவை. லயத்தில் ஒருவர் வீட்டுச் சங்கதி இன்னொருவருக்குத் தெரியாமல் இருப்பதில்லை. "கதையில் வருகிறவன் நம்ம மூன்றாவது வீட்டுக்காரரைப் போலவே இருக்கிறான்" என்று யாராவது சொல்லிச் சிரித்துவிட்டால், வட்டம் அன்றோடு உடைந்துவிடும். ஆகவே ஒரு விதியை முதல் நாளே வைத்துக்கொள்வோம். கதை மாந்தரைப் பற்றி எதையும் பேசலாம்; அக்கம்பக்கத்தாரைப் பற்றி எதையும் பேசக் கூடாது. அங்கே பேசியது அங்கேயே இருக்க வேண்டும். மறுநாள் வேலைக்காட்டில் அது பேச்சாகக் கூடாது.

வேறு சில விதிகளும் உண்டு. கருத்தை மறுக்கலாம், ஆளை மட்டம் தட்டக் கூடாது. படித்து முடித்தவர் முடிக்காதவரிடம் முடிவைச் சொல்லக் கூடாது. ஒருவர் இரண்டு முறை பேசுவதற்கு முன், பேசாதவர்களுக்கு ஒரு முறையாவது வாய்ப்புக் கிடைக்க வேண்டும். இதைக் கவனிக்க மாதம் ஒருவர் தலைமை ஏற்கட்டும். மண்டோரோ கிராணியோ கோயில் தலைவரோதான் தலைமை தாங்க வேண்டும் என்பதில்லை. பால் வெட்டும் அக்காவும் தலைமை தாங்கலாம். பேசி முடித்து எல்லோரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. "நீங்கள் சொல்வது எனக்கு இன்னும் சரியென்று படவில்லை, மாமா" என்று சொல்லிவிட்டு, அதே மாமாவோடு தேநீர் குடித்துவிட்டுப் போகலாம். மாறுபட்டுப் பேசியும் உறவு கெடாமல் இருப்பதை நம் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பது அவர்களுக்கு நல்ல பாடம்.

கடைசியாக ஒன்று. இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. ஜப்பானியர் ஆட்சியில், 1942இலும் 1943இலும், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுவதற்காக நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கானோர் கொண்டுசெல்லப்பட்டார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டவர்கள் பலர். அந்தத் துயரத்தை ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலாக எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே. அவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுக்கும் இப்போது வயதாகிவிட்டது. அந்த நாவலைத் தனியே படிக்கும் ஒருவருக்கு ஒரு கதை கிடைக்கும். கூடிப் படித்தால், "எங்கள் பெரியப்பா அப்படித்தான் போனார், திரும்பி வரவே இல்லை" என்று ஒருவர் சொல்வதும் சேர்ந்து கிடைக்கும். அந்தப் பெரியப்பாவின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. சொல்ல ஒருவரும் கேட்கச் சிலரும் இருக்கும்வரைதான் அது நிலைக்கும். அப்படிச் சொல்லப்படுவதை யாராவது ஒருவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதிவைக்கட்டும்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பார்கள். இந்தத் தேருக்கு ஊர் முழுவதும் வேண்டாம். ஆறு பேர் போதும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "ஒரு புத்தகம் இருக்கிறது, சேர்ந்து படிப்போமா?" என்று கேட்டுப் பாருங்கள்.