பாட்டின் பின்னே இருந்த வாழ்வு

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இங்கிலாந்து தேசத்திலே லிவர்ப்பூல் என்னும் துறைமுகப் பட்டினத்தில் தோன்றிய 'பீற்றில்ஸ்' என்ற இசைக்குழுவைப் பற்றியும், அக்குழுவினர் தாமே இயற்றிய பாடல்கள் எவ்வெச் சம்பவங்களிலிருந்து பிறந்தன என்பது பற்றியும் இன்று பேச எண்ணியுள்ளேன். ஜோன் லெனன், போல் மக்காட்னி, ஜோர்ஜ் ஹரிசன், றிங்கோ ஸ்ரார் என்ற நால்வரைக் கொண்டது அக்குழு. "நீண்ட தலைமயிரும் கிற்றார் வாத்தியமும் கூச்சலுந்தானே, அதிலே பேச என்ன உண்டு?" என்று பெரியோர் சிலர் நினைக்கக்கூடும். "பாட்டைக் கேட்டு மகிழ்ந்தாற் போதாதா, அதன் பூர்வீகம் எதற்கு?" என்று இளைஞர் சிலர் நினைக்கக்கூடும். இரு சாராரும் சிறிது நேரம் பொறுமையோடு கேட்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

இக்குழுவின் பாடல்களிற் பெரும்பாலானவற்றை இயற்றியவர்கள் லெனனும் மக்காட்னியும் ஆவர். இருவரும் இளம்பராயத்திலேயே தாயை இழந்தவர்கள். மக்காட்னியின் தாயார் மேரி, தாதியாகவும் மருத்துவிச்சியாகவும் பணியாற்றியவர். அவர் புற்றுநோயின் காரணமாக 1956ஆம் ஆண்டு காலமானபோது மகனுக்கு வயது 14. லெனனின் தாயார் ஜூலியா, 1958ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தெருவைக் கடக்கும்போது மோட்டார் வண்டியில் அடிபட்டு இறந்தார். அப்பொழுது மகனுக்கு வயது 17. இந்தத் துயரம் உடனே பாட்டாகிவிடவில்லை. பத்து ஆண்டுகள் நெஞ்சுக்குள்ளே கிடந்தது. 1968இலே லெனன் 'ஜூலியா' என்ற பாடலைத் தாயின் பெயராலேயே பாடினார். மற்றை மூவரும் அதிலே சேரவில்லை. ஒரு குரலும் கிற்றாரும் மாத்திரமே.

அக்காலத்திலே குழுவினரிடையே மனத்தாங்கல்கள் முற்றியிருந்தன. மனம் கலங்கியிருந்த மக்காட்னியின் கனவிலே, இறந்துபோன தாயார் வந்து தேறுதல் சொன்னாராம். அதிலிருந்து பிறந்ததே 'லெற் இற் பீ' என்ற பாடல். அது 1970இல் இசைத்தட்டாக வெளிவந்தது. அதிலே வரும் மேரி என்ற பெயரைக் கேட்ட பலர், யேசுநாதரின் அன்னையையே குறிப்பதாக எண்ணி உருகினார்கள். மக்காட்னி அதை மறுத்துச் சண்டை பிடிக்கவில்லை. அவரவர்க்கு ஆறுதல் தருவதாக அப்பாடல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

'ஸ்ரோபெரி ஃபீல்ட்ஸ்' என்ற பாடலின் பெயரைக் கேட்டால் ஏதோ பழத்தோட்டம் என்று தோன்றும். உண்மையில் அது லெனன் வளர்ந்த வீட்டுக்கு அண்மையிலே, இரட்சணிய சேனையார் நடத்திய சிறுவர் இல்லம் ஒன்றின் பெயர். தாயோடு வாழாமல் பெரியம்மா வீட்டிலே வளர்ந்த அந்தப் பையனுக்கு, அவ்வில்லத்தின் தோட்டத்திலே ஆண்டுதோறும் நடைபெறும் விழா பெருங் கொண்டாட்டமாக இருந்தது. உலகப் புகழ் பெற்ற பின், 1966இல் ஸ்பானிய நாட்டிலே திரைப்பட வேலையாய்த் தங்கியிருந்தபோது, அந்தத் தோட்டத்தை நினைத்துப் பாட்டெழுதினார். எவ்வளவு தூரம் போனாலும் மனம் தன் ஊர் வேலிக்கே திரும்புகிறது.

1968இல் லெனனும் அவர் மனைவியும் பிரிந்தனர். அவர்களுடைய மகன் ஜூலியனுக்கு அப்பொழுது ஐந்து வயது. தாயையும் பிள்ளையையும் பார்த்து வரச் சென்ற மக்காட்னி, காரை ஓட்டிக்கொண்டு போகும்போதே அப்பிள்ளைக்கு ஆறுதலாக ஒரு பாடலை மனதிற் கட்டினார். முதலில் அதிலே பிள்ளையின் செல்லப் பெயர் இருந்தது. பின்னர் அவர் அதை 'ஜூட்' என்று மாற்றினார். அதுவே 'ஹே ஜூட்'. ஏழு நிமிடங்களுக்கு மேல் நீளும் அப்பாடல், அமெரிக்காவில் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது. பெற்றார் பிரிந்ததால் வாடும் ஒரு சிறுவனை நினைத்துத் தொடங்கிய பாட்டு, கோடிக்கணக்கானோர் சேர்ந்து பாடும் பாட்டாயிற்று.

இனி நான் சொல்லப்போவது, இங்குள்ள இளைஞரும் பெற்றோரும் ஒருங்கே எண்ணிப் பார்க்க வேண்டியது. 1967ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் லண்டன் பத்திரிகை ஒன்றிலே, 17 வயதுப் பெண் ஒருத்தி வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்ற செய்தி வெளிவந்தது. வசதியான வீடு, குறையொன்றும் வைக்காத பெற்றோர், அவள் ஏன் போனாள் என்பது தந்தைக்கு விளங்கவேயில்லை. இச்செய்தியை வாசித்த மக்காட்னி 'ஷீஸ் லீவிங் ஹோம்' என்ற பாடலைத் தொடங்கினார். பெண்ணின் கதையை அவர் பாட, இடையிடையே பெற்றோரின் அங்கலாய்ப்பை லெனன் பாடுகிறார். அப்பகுதிக்கு வேண்டிய சொற்களை லெனன் எங்கே தேடினார்? தம்மை வளர்த்த பெரியம்மா, தம்மை ஏசும்போது சொல்லிய பேச்சுக்களிலேயே எடுத்துக்கொண்டார். அக்குழுவினர் அதில் எந்த வாத்தியத்தையும் வாசிக்கவில்லை. வயலின் முதலிய நரம்பு வாத்தியங்களும் யாழ் போன்ற ஹார்ப் வாத்தியமுமே ஒலிக்கின்றன.

அன்பர்களே, இப்பாடலை எழுதியவர்களுக்கு வயது 24, 26. அவர்கள் இளைஞர் பக்கம் மாத்திரம் நின்று பாடியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. சோறும் துணியும் கொடுத்தும் மனதைக் கேட்டறியாத வீட்டின் குறையையும் காட்டினார்கள்; விடிந்தெழுந்து மகள் போய்விட்டதை அறியும் தாயின் பதைப்பையும் காட்டினார்கள். எந்தப் பக்கத்தையும் பழிக்கவில்லை. நம்மிடையேயும் வாய் திறவாப் பிள்ளைகளும், காரணம் விளங்காது கலங்கும் பெற்றோரும் இல்லையா? இரு பக்கத்தாரும் அருகருகே இருந்து கேட்கத்தக்க பாட்டு அது.

எல்லாப் பாட்டும் துயரத்திலே பிறந்தவை என்று கொள்ள வேண்டாம். பழம்பொருட் கடையிலே லெனன் வாங்கிய 1843ஆம் ஆண்டுச் சேர்க்கஸ் விளம்பரமொன்று ஒரு பாடலாயிற்று. 1969இல் கம்பனிக் கூட்டத்துக்குப் போக மனமில்லாத ஹரிசன், நண்பர் எரிக் கிளப்ரனின் தோட்டத்திலே வெயிலில் உலாவியபோது 'ஹியர் கம்ஸ் த சன்' பிறந்தது. 1968இல் அவர்கள் கங்கைக் கரையிலுள்ள ரிஷிகேசத்தில் தங்கியிருந்தபோது, இரவு பகலாய்த் தியானத்தில் அமர்ந்து அறையை விட்டு வெளியே வர மறுத்த புரூடன்ஸ் என்ற பெண்மணியை வெளியே அழைக்கும் பாட்டும் அவ்வாறே எழுந்தது.

நமது சங்கத்து இளைஞர் சிலர் தாமே பாட்டெழுதி மெட்டமைக்க முயல்வதை அறிந்து மகிழ்கிறேன். அவர்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டுக்குப் பொருள் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. உங்கள் ஒழுங்கையிலே, உங்கள் வீட்டு அடுப்படியிலே அது இருக்கிறது. ஆனால் பிறர் துயரைப் பாட்டாக்கும்போது, அவரை ஊர் வாயிலே போட்டுவிடாதீர்கள். அந்தச் சிறுவனின் பெயரை மாற்றினார்களே. அந்தப் பெண்ணின் பெயரைப் பாட்டிலே சொல்லாமலே விட்டார்களே. பெயரை மறைத்து, நோவை மாத்திரம் உண்மையாய்ச் சொல்லுங்கள்.

பெரியோர்களே, பிள்ளைகள் கேட்கும் பாட்டு ஓசையாகவே காதில் விழுந்தால், "இது யாருடைய கதை?" என்று ஒருமுறை அவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வியினால் வீட்டிலே ஒரு பேச்சுத் தொடங்கும்.