அழிந்த கோப்புகளை மீட்க முடியுமா?
(நமது மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ் நகல், பட்டா, நிக்காஹ் போட்டோ, மவ்த்தான வாப்பாவின் குரல் பதிவு, எல்லாம் இன்று கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. நமது விதவையர் உதவித்தொகைப் பட்டியலும், மாணவர் விண்ணப்பங்களும் அப்படித்தான். அவை பிறர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அவை அழிந்துபோனால் என்ன செய்வது?

கோப்பை நீக்கும்போது கம்ப்யூட்டர் அதை உடனே துடைத்துவிடுவதில்லை. அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். 'குயிக் ஃபார்மட்' செய்தாலும் ஹார்ட் டிஸ்க்கில் பெரும்பாலும் இதே நிலைதான். அந்த இடத்தில் புதிதாக ஒன்று எழுதப்பட்டால்தான் பழையது போகும். ஆனால் விண்டோஸ் விஸ்டா முதல், முழு ஃபார்மட் டிஸ்க் முழுவதையும் பூஜ்ஜியங்களால் நிரப்பிவிடுகிறது. எஸ்.எஸ்.டி.யில் 'டிரிம்' என்ற கட்டளையும் நீக்கியதைச் சீக்கிரமே அழித்துவிடும். இவ்விரண்டிலும் நம்பிக்கை குறைவு.

ஆகவே, இழப்பு தெரிந்தவுடன் அந்த டிரைவில் எதையும் சேமிக்காதீர்கள். மீட்பு மென்பொருளை அதிலேயே நிறுவாதீர்கள். டிரைவைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்து, மீட்பவற்றை வேறொரு டிரைவில் சேமியுங்கள். 'டெஸ்ட்டிஸ்க்', 'ஃபோட்டோரெக்' இரண்டும் இலவசம். முன்னது அழிந்த பார்ட்டிஷனை மீட்கும். பின்னது கோப்புகளை அவற்றின் உள்ளமைப்பைக் கொண்டு தேடி எடுக்கும். பழைய பெயர்கள் பெரும்பாலும் திரும்பாது; ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் பொறுமை வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கில் 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். மென்பொருளால் அதைச் சரிசெய்ய முடியாது. வீட்டில் மூடியைத் திறக்கவும் கூடாது. சிறு தூசியே உள்ளே உள்ள தட்டைக் கீறிவிடும். அதற்கென உள்ள ஆய்வகத்திடம்தான் கொடுக்க வேண்டும். கொடுக்கும் முன் செலவு எவ்வளவு, மீளாவிட்டால் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். அதில் குடும்பப் பெண்களின் படங்களும், ஏழைகளின் ஆதார் நகல்களும் இருக்கும். அவற்றை யாருக்கும் காட்டமாட்டோம், நகல் வைத்துக்கொள்ளமாட்டோம் என எழுதி வாங்குங்கள்.

மீட்பதைவிடக் காப்பது எளிது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அதில் ஒன்று வேறு இடத்தில். இதுவே நல்ல முறை. வாரந்தோறும் ஜும்ஆவுக்குப் பின் பத்து நிமிடம் இதற்காக ஒதுக்குவோம். உதவித்தொகைப் பட்டியல் தொலைந்தால் அந்த மாதம் அடுப்பு எரியாத வீடுகள் நம் ஊரில் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.