இறைப்பு யந்திரமும் எண்ணெய்ச் சூடும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணக்கற் பாறையினூடே இறங்கி நிலத்தடியில் தங்குகிறது. அந்நீரைக் கிணற்றிலிருந்து மேலே கொணர்வதே இங்கு கமத்தொழிலின் பாதி. ஒரு காலத்தில் துலா மிதிப்போரும், பட்டை பிடிப்போரும், பாத்திகளுக்கு நீர் மாறுவோருமாக ஒரு குடும்பமே விடியுமுன் தோட்டத்தில் நின்றது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் அவ்வேலையைச் சிறிய இறைப்பு யந்திரம் படிப்படியாக ஏற்றுக்கொண்டது. துலா மிதித்தவன் களைத்தால் இறங்கி நிழலில் அமர்வான். யந்திரத்துக்கோ தன் களைப்பைச் சொல்லத் தெரியாது. அதனை அறிய விரும்பும் கமக்காரர் அதன் எண்ணெயைப் பார்த்தல் வேண்டும்.

எண்ணெய் உராய்வைத் தடுப்பதற்கு மட்டுமே உரியதென்று பலர் எண்ணுகின்றனர். அதற்கு வேறொரு கடமையும் உண்டு. மோட்டார்க் காரின் சூட்டை நீர் தணிக்கிறது. தோட்டங்களில் வழங்கும் சிறு யந்திரங்கள் பலவற்றில் அத்தகைய நீர் இல்லை. உருளையைச் சுற்றியுள்ள தகடுகளின்மேல் விசிறி வீசும் காற்று வெப்பத்தின் பெரும்பகுதியை அகற்றுகிறது. பிஸ்டனின் அடியிலும் தண்டுகளிலும் ஏறும் சூட்டை வாங்கிச் செல்வது எண்ணெயே. அது தெறித்து உள்ளுறுப்புகளை நனைத்து, மீண்டும் அடித்தொட்டியில் விழுந்து ஆறுகிறது. இவ்வளவையும் செய்யும் எண்ணெய் பல யந்திரங்களில் அரை லீற்றருக்குச் சற்றே மேற்பட்டது. அதிற் கால்பங்கு குறைந்தால், எஞ்சியது முழுச் சூட்டையும் சுமக்க நேரிடும்.

ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் சூட்டில் எண்ணெய் நன்றாகவே தொழிற்படும். 130 பாகையைத் தாண்டினால் விரைந்து கெடத் தொடங்கும். சூடு 10 பாகை கூடுந்தோறும் எண்ணெய் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொதுவிதி. மிகுந்த சூட்டில் எண்ணெய் மெலிந்து, அதன் படலம் அறுந்து, உலோகம் உலோகத்தைத் தொடும். பிஸ்டன் உருளையில் இறுகும். 'யந்திரம் பிடித்துவிட்டது' என்று ஊரார் சொல்வது இதனையே. வெங்காயம் திரளும் வேளையில் இது நேர்ந்தால், வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான்.

செம்மண் தூசியும் கசிந்த எண்ணெயும் சேர்ந்து தகடுகளில் அப்பிக்கொண்டால் காற்று உட்புகாது. ஆகவே யந்திரம் ஆறியபின் தகடுகளை உலர்ந்த தூரிகையால் துடைத்தல் நன்று. கொதிக்கும் யந்திரத்தின்மேல் நீர் ஊற்றுதல் ஆகாது, உலோகம் வெடிக்கக்கூடும். பனையோலைக் கொட்டிலின் நிழல் நல்லதே. ஆயினும் நாற்புறமும் அடைத்தல் கூடாது. ஆழக் கிணற்றினுள் இறக்கி வைத்த யந்திரம் தான் விட்ட சூட்டையே மீண்டும் உள்ளிழுக்கும். அங்கு தேங்கும் நச்சுப் புகை, இறங்கும் மனிதனின் உயிரையும் வாங்கிவிடும்.

சூடு மிகுதல் தீதென்றால், சூடு போதாமையும் தீதே. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எனவே மண்ணெண்ணெய் யந்திரத்தைப் பெற்றோலிற் கிளப்பி, நன்கு சூடேறிய பின்னரே மாற்றுதல் முறை. 1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைத்தற்கரிதாயிற்று. சில துளிகளாற் கிளப்பி உடனே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதன்றி அன்று வேறு வழியிருக்கவில்லை. பெற்றோல் கிடைக்கும் காலத்தில் அப்பழக்கத்தைத் தொடர்வதற்குக் காரணமில்லை. குளிர்ந்த உருளையில் எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் சுவர்வழியே வழிந்து எண்ணெயிற் கலக்கிறது. அளவுகோலில் மட்டம் உயர்ந்திருக்கக் கண்டால் மகிழ்தற்கில்லை. மண்ணெண்ணெய் வாடை வீசும் எண்ணெய் பின்னர் வரும் சூட்டைத் தாங்காது. அதனை உடனே மாற்றுதல் வேண்டும்.

நாள்தோறும் இறைப்புக்கு முன், யந்திரம் சமதரையில் ஓயாதிருந்து அல்ல, ஓய்ந்து நிற்கையில் மட்டத்தைப் பார்ப்பது முதல் விதி. புதிய யந்திரத்தில் முதல் 20 மணி நேர ஓட்டத்தின் பின்னரும், அப்பால் 100 மணிக்கு ஒருமுறையும் எண்ணெய் மாற்றுதல் பொது வழக்கு. தூசியும் வெயிலும் மிகுந்த மாதங்களில் இன்னும் முந்தி மாற்றுதல் நலம். எண்ணெயின் தடிப்பை யந்திரத்தோடு வரும் கைந்நூலின்படியே தெரிதல் வேண்டும்.

மாற்றிய பழைய எண்ணெயைக் கிணற்றடியில் ஊற்றுவோர் உண்டு. வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல் அதனை நேரே நிலத்தடி நீருக்குக் கொண்டு சேர்க்கும். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. அங்கு காரணமாயிருந்தது மின்னிலையத்தின் கழிவெண்ணெய். ஒரு கமக்காரரின் கழிவு அரை லீற்றர்தான். ஆனால் அவர் குடிப்பதும் அதே கிணற்று நீர். பழைய எண்ணெயை மூடிய கலனிற் சேர்த்து, அதனை வாங்கும் மோட்டார்த் திருத்தகத்திற் கொடுப்பதோடுதான் எண்ணெய் மாற்றும் வேலை முடிவடைகிறது.