ஏலக் கொட்டகையிலிருந்து ஷோப்பி வரை: சிறு வியாபாரியும் இணையச் சந்தையும்

கிளேபாங்கிலிருந்து பேசுகிறேன். தீபாவளி நெருங்க நெருங்க மலாக்கா, ஜாசின், அலோர் காஜா, மஸ்ஜித் தானா என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் அக்காமார்கள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "வீட்டில் முறுக்கு சுடுகிறோம். ஷோப்பியில் போடுவதா, லசாடாவில் போடுவதா, டிக்டாக்கில் போடுவதா?" இன்றைக்கு எதில் கட்டணம் குறைவு என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பதில் அடுத்த தீபாவளிவரை தாங்காது. இந்தச் சந்தைகள் எப்படி வளர்ந்தன, எப்போது எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தன, எப்போது பங்கு கேட்டன என்பது தெரிந்தால், எந்தத் தளம் புதிதாக வந்தாலும் நீங்களே எடை போட்டுவிடலாம்.

நம் மண்ணிலிருந்தே தொடங்குகிறேன். 1896-இல் டான் சே யான் என்ற மலாக்கா வணிகர் புக்கிட் லிந்தாங்கில் கித்தா (ரப்பர்) நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்காக முதன்முதலில் எழுந்த கித்தாத் தோட்டங்களில் ஒன்று அது. அடுத்து புக்கிட் அசகானில் பெரிய தோட்டம் எழுந்தது. நம் பாட்டன் பாட்டிகள் விடியுமுன் எழுந்து பால் வெட்டியது இப்படிப்பட்ட தோட்டங்களில்தான். அந்தக் கித்தாவுக்கு விலை எங்கே முடிவானது? லண்டன் ஏலத்தில். 1911 முதல் சிங்கப்பூர் ஏலத்திலும். மரம் வெட்டியவருக்கு அந்த ஏல அறை எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது. இரண்டு மூன்று ஏக்கர் சொந்தமாக வைத்திருந்த சிறு தோட்டக்காரரும் பட்டணத்துக் கடைக்காரர் சொன்ன விலைக்குத்தான் ஷீட்டைப் போட்டார். வாங்குகிறவர்கள் யார் கையில் இருக்கிறார்களோ, அவர் கையில்தான் விலை. இணையச் சந்தையின் வரலாறு முழுவதும் இந்தக் கணக்குதான் ஓடுகிறது.

இப்போது 1995-க்கு வருவோம். கலிபோர்னியாவில் பியர் ஒமிடியார் என்ற கணினி நிரலாளர், செப்டம்பர் மாத விடுமுறை நாள்களில், தன் சொந்த இணையப் பக்கத்தில் ‘ஆக்‌ஷன்வெப்’ என்று ஓர் ஏலப் பகுதி திறந்தார். அங்கே முதலில் விலைபோன பொருள் ஓர் உடைந்த லேசர் சுட்டி. 14 டாலர் 83 சென்ட். கடையில் எவரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனால் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் அது வேண்டும் என்று ஓர் ஆள் இருந்தார். சிறு வியாபாரிக்கு இணையம் கொடுத்த பெரிய வரம் இதுதான்.

முதலில் அந்தத் தளம் இலவசம். கூட்டம் கூடியதும், இணைய இணைப்பு கொடுத்த நிறுவனம் மாதம் 250 டாலர் கட்டச் சொன்னது. அதை ஈடுகட்ட ஒமிடியார் விற்றவர்களிடம் பங்கு கேட்டார்: 25 டாலருக்குக் கீழே விற்றால் 5 விழுக்காடு, அதற்கு மேலே 2.5 விழுக்காடு. கட்ட மாட்டார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் காகித அட்டையில் சில்லறைக் காசை ஒட்டி உறையில் போட்டு அனுப்பினார்கள். 1996-இல் வாங்குபவரும் விற்பவரும் ஒருவரை ஒருவர் மதிப்பிட்டு எழுதும் முறையும் வந்தது. முகம் தெரியாதவருக்குப் பணம் அனுப்பும் துணிச்சலை அந்த மதிப்பீடுதான் கொடுத்தது. 1997-இல் தளத்தின் பெயர் ஈபே ஆனது.

ஈபேக்கு மாற்று அன்றே வந்துவிட்டது. 1998-இல் யாஹூ இலவச ஏலம் தொடங்கியது. அமெரிக்காவில் அதனால் ஈபேயை அசைக்க முடியவில்லை. 2001-இல் யாஹூவும் கட்டணம் கேட்டது, 2007-இல் அங்கே மூடிக்கொண்டது. ஜப்பானிலோ கதை தலைகீழ். அங்கே யாஹூ 1999-இல் முந்திக்கொண்டு நுழைந்து கூட்டத்தைச் சேர்த்துவிட்டது. 2000-இல் கட்டணத்தோடு வந்த ஈபே 2002-இல் திரும்பிப் போனது. சீனாவில் 2003-இல் டாவ்பாவ் வந்தது. விற்பவருக்குக் கட்டணம் கிடையாது. அதோடு பொருள் கைக்கு வரும்வரை பணத்தை நடுவில் நிறுத்தி வைக்கும் அலிபேயையும் சேர்த்துக் கொடுத்தது. ஈபே அங்கேயும் பின்வாங்கியது. மூன்று நாட்டையும் சேர்த்துப் பாருங்கள். கட்டணம் குறைவு என்பதால் மட்டும் எந்தச் சந்தையும் ஜெயிக்கவில்லை. வாங்குகிறவர்கள் எங்கே கூடினார்களோ, அங்கேதான் விற்கிறவர்களும் போனார்கள். கூட்டம் ஒரே இடத்தில் சேர்ந்த பிறகு விற்பவருக்குப் பேரம் பேச இடமில்லை.

இதற்குச் சான்று 2008. வாங்குபவரைப் பற்றிக் குறை எழுத விற்பவருக்கு இருந்த உரிமையை அந்த வருடம் ஈபே எடுத்துவிட்டது. விற்பவர்கள் கொதித்தார்கள். போனான்சா போன்ற சிறு தளங்கள் அந்தக் கோபத்தில் வளர்ந்தன. ஆனாலும் பெரும்பாலானோர் ஈபேயிலேயே இருந்தார்கள். கைவினைப் பொருளுக்கென்றே 2005-இல் பிறந்த எட்ஸியும் அதே பாதையில்தான் போயிற்று. விற்பனைப் பங்கு 3.5 விழுக்காடாக இருந்தது, 2018-இல் 5 ஆனது, 2022-இல் 6.5 ஆனது. அந்த ஏப்ரலில் எட்ஸி வியாபாரிகள் தங்கள் கடைகளை மூடி வைத்து வேலைநிறுத்தமே செய்தார்கள். இத்தனைக்கும் அது கைவினைஞர்களின் வீடு என்று பெயர் வாங்கிய தளம்.

நம் நாட்டில் லேலோங் 1998-இலேயே வந்துவிட்டது. பழைய கைப்பேசி, கணினி உதிரிப் பொருள், பழைய காசு, தபால்தலை, வாழை மரம் அச்சடித்த ஜப்பான் காலத்து நோட்டு என்று அதில் ஏலம் நடந்தது. பணத்தை ‘பேங்க்-இன்’ பண்ணிவிட்டு, ரசீதை அனுப்பிவிட்டு, போஸ் லாஜுவுக்காகக் காத்திருப்போம். ஈபே 2004-இல் மலேசியப் பக்கம் திறந்தது. ஏலம் வேண்டாம், விளம்பரம் போதும் என்றவர்களுக்கு முடா 2007-இல் வந்தது. சிங்கப்பூரில் 2012-இல் பிறந்த கரோசல் 2019-இல் முடாவையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பழைய நாற்காலி, குழந்தை வண்டி, மோட்டார் சைக்கிள் விற்க இன்றைக்கும் இவைதான் தோது. ஆளும் ஆளும் நேரில் சந்தித்துப் பொருளைப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்கலாம்.

பெரிய அலை 2012-இல் லசாடாவோடு வந்தது. அதே வருடம் ஜப்பானின் ராக்குட்டனும் மலேசியாவில் கால் வைத்தது, 2016-இல் மூடிவிட்டது. 2015-இல் வந்த லெவன்ஸ்ட்ரீட் 2019-இல் பிரஸ்டோமால் என்று பெயர் மாறியது. 2016-இல் லசாடாவின் பெரும்பங்கை டாவ்பாவின் தாய் நிறுவனமான அலிபாபா வாங்கியது. இந்தியாவில் இருந்த ஈபேயும் ஃபிளிப்கார்ட் கைக்குப் போய் 2018-இல் மூடப்பட்டது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஒரு தளம் மூடும்போது மூன்று நான்கு வருடமாக ஒரு வியாபாரி சேர்த்த நட்சத்திரங்களும், "நல்ல பொருள், நம்பி வாங்கலாம்" என்று வாங்கியவர்கள் எழுதிய வார்த்தைகளும் அதோடு போய்விடும். அடுத்த தளத்தில் அவர் புது ஆள். இந்த இழப்பை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. எனக்கு அதுதான் மனத்தை உறுத்துகிறது.

2015-இல் வந்த ஷோப்பி டாவ்பாவின் வழியைப் பிடித்தது. விற்பவருக்குக் கமிஷன் இல்லை, வாங்குபவருக்கு அனுப்பும் செலவில் கழிவு, பொருள் கைக்கு வரும்வரை பணத்துக்குப் பாதுகாப்பு. கூட்டம் சேர்ந்தது. பிறகு கமிஷன் வந்தது, பரிவர்த்தனைக் கட்டணம் வந்தது, இலவச அனுப்புதல் திட்டத்தில் சேரத் தனிக் கட்டணம் வந்தது. டிக்டாக் ஷாப் 2022-இல் நம் நாட்டுக்கு வந்தபோதும் தொடக்கத்தில் சலுகைதான், கட்டணம் பின்னால் வந்தது.

முறுக்குக் கணக்குக்கு வருவோம். ஒரு டின் 25 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவு, எண்ணெய், எரிவாயு 12 வெள்ளி. டின்னும் பெட்டியும் 3 வெள்ளி. தளம் நூற்றுக்குப் பத்து எடுத்தால் 2.50. கையில் நிற்பது 7.50. பத்து பதினைந்தாக ஏறினால் நிற்பது 6.25. ‘ஐந்து விழுக்காடுதானே’ என்று தோன்றும். உங்கள் கூலியில் ஆறில் ஒரு பங்கு போயிருக்கும். விலையைக் கூட்டவும் முடியாது. அதே பக்கத்தில் உங்கள் முறுக்குக்குக் கீழே இன்னும் நாற்பது முறுக்கு வரிசையில் நிற்கிறது. எங்கும் கிடைக்கும் பொருளுக்கு இந்தச் சந்தைகள் கடுமையான இடம். எங்கும் கிடைக்காத பொருளுக்கு ஏலம் இன்னும் நல்ல இடம். நீரிணைக் குடியேற்றக் காலத்துக் காசோ பழைய தோட்டத்து டோக்கனோ உங்களிடம் இருந்தால், அதைத் தேடுகிறவர் லண்டனில் இருக்கலாம், சென்னையில் இருக்கலாம். அதற்கு இன்றைக்கும் ஈபேதான். உள்ளூரில் விலை கேட்டு அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

இந்தச் சந்தைகளுக்கு வெளியிலும் ஒரு வழி இருக்கிறது. 2020 மார்ச்சில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நம் சேலைக் கடைக்காரர்கள் ஃபேஸ்புக் நேரலைக்குப் போனார்கள். ராத்திரி எட்டு மணிக்குச் சேலையை விரித்துக் காட்டி எண் சொல்வார்கள், முதலில் கமெண்ட் போட்டவருக்குச் சேலை. ஏலம் கூவும் குரல் மறுபடியும் கேட்டது. கமிஷன் இல்லை, முகம் தெரிந்த வாடிக்கையாளர். ஆனால் அந்தப் பக்கம் முடக்கப்பட்டால் வாடிக்கையாளர்களைத் திரும்பக் கூப்பிட வழியில்லை. அவர்கள் எண்ணை வாட்ஸ்அப்பில் சேர்த்து வைத்தவர்கள்தான் தாக்குப்பிடித்தார்கள்.

எனவே அந்த அக்காமார்களுக்கு என் பதில் இது. புது ஆள்கள் உங்களைக் கண்டுபிடிக்க ஷோப்பியோ டிக்டாக்கோ ஒன்றில் கடை வையுங்கள். எந்தத் தளமாக இருந்தாலும் மின்வணிக விதிப்படி உங்கள் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், முழு விலை எல்லாவற்றையும் காட்ட வேண்டும். ஆகவே முதலில் எஸ்.எஸ்.எம். (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவை முடியுங்கள். தளத்தின் அரட்டையில் "என் எண்ணுக்கு வாருங்கள்" என்று எழுதாதீர்கள், கடையை முடக்கவும் கூடும். வாடிக்கையாளர் உங்களைத் தேடி வரும் வழி லேபிளில் இருக்கட்டும். 1985 உணவு விதிமுறைப்படி பொட்டலமிட்ட உணவின் லேபிளில் தயாரித்தவரின் பெயரும் முகவரியும் இருந்தே ஆக வேண்டும். அந்த லேபிளைத் தமிழிலும் மலாயிலும் பெரிய எழுத்தில், அழியாத மையில் அச்சடியுங்கள். முறுக்கு தீர்ந்த பிறகும் டின் வாங்கியவர்கள் அடுப்படியில்தான் இருக்கும்.